நான் தச்ச தீப்பெட்டிப் பை

காதர் பாய் போய்ட்டார்…

இன்னிக்குக் காலைல ஜவ்வாது மலையிலருந்து டோலி கட்டித் தூக்கியாந்தாங்க. நம்ம டேனரியில தோல் பதம் போடக் கடுக்காய் வாங்க ஏறுன மனுஷன். நாலு நாளா அடிக்கற மழையில, குளுர்ல வெறச்சு, ஒரு பாறை இடுக்குல உக்காந்த வாக்குலயே போயிருக்கார்.

காலடியில தீக்குச்சிங்க கெடந்துதாம். ஒரு பெட்டி குச்சி மொத்தமும். ஒண்ணு விடாம ஒரசிப் பாத்திருக்கார். ஒண்ணு கூட பத்தல.

எழுதறது ட்ரை ஷெட் முனிரத்தினம். அழுவறதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லிடறேன். நான் தச்சுக் குடுத்த தீப்பெட்டிப் பை யார்கிட்ட இருந்தாலும் மலைக்கு எடுத்துக்கினு போவாதீங்க. கடாசிடுங்க.

இத மூணு எடத்துல ஒட்டறேன். டேனரி கேட், பட்டை மண்டி, டீக்கடை. படிக்கத் தெரிஞ்சவங்க தெரியாதவங்களுக்குப் படிச்சுக் காட்டுங்க… கையெடுத்துக் கும்புடறேன்.

அஞ்சு வருஷம் முந்தி மேஸ்திரி என்னையும் பாய்கூட மலைக்கு அனுப்பனார். கெளம்பறப்ப பாத்தா, மனுஷன் இடுப்புல ஒரு தீப்பெட்டி, முண்டாசுல ஒண்ணு, அரிசி மூட்டை நடுவுல ஒண்ணு. பத்தாததுக்கு, நம்ம ஷெட்ல தோல்லருந்து சுரண்டிப் போடற கொழுப்ப உருக்கி, அதுல ஊறவச்ச துணி வேற.

"இன்னா பாய், மலையையே கொளுத்தப் போறீங்களா?"ன்னேன்.

"சிரி முனி, நல்லா சிரி. மழ வந்தா தெரியும்"னார்.

வந்துது. சாயங்காலம் புடிச்சுது பாருங்க… அப்பப்பா. இடுப்புப் பெட்டி கூழாப் போச்சு. முண்டாசுல இருந்ததும் ஊறிப் போச்சு. எனக்குப் பல்லு கிட்டிக்கிச்சு, பேச்சே வரல.

அரிசிக்குள்ள இருந்த மூணாவது பெட்டிதான் பத்துச்சு. கொழுப்புத் துணி குப்புன்னு புடிச்சுது. 'பாத்தியா'ன்னு ஒரு வார்த்த கேக்கல அந்த மனுஷன். என் ரெண்டு கையையும் புடிச்சு நெருப்புகிட்ட நீட்டிக்கினே உக்காந்திருந்தார். நான் இன்னிக்கு உயிரோட இருக்கறேன்னா அதனாலதான்.

அப்பறம் ஒரு தபா ஃபாரஸ்ட் கார்டு சோதன போட்டு, மூணு பெட்டியையும் பாத்துட்டு, காட்டுக்குத் தீ வைக்க வந்தவன்னு அரை நாள் உக்கார வச்சுட்டான். "பீடி குடிக்காதவனுக்கு எதுக்குய்யா மூணு பெட்டி?"ன்னானாம். பாய் அத எங்ககிட்ட நடிச்சே காட்டனார். ஷெட்டே சிரிச்சுது. ஆனா அவருக்கு உள்ளுக்குள்ள பேஜாராப் போச்சு.

அதப் பாத்துட்டுத்தான் நான், "வுடுங்க பாய், தண்ணி எறங்காத மாதிரி ஒரு பை தச்சுத் தரேன்"ன்னேன். நான்தான்… யாரும் கேக்கல.

இந்தக் கோடையில பாலாத்துல தண்ணி கம்மி. ஒரு லாட் ஆட்டுத்தோல அரைகுறையாத்தான் அலசுனாங்க, கெடாம இருக்கத் தோல்ல போட்ட உப்பு முழுசா போவல. பதம் போட்டு முடிச்ச பொறவும் தோல் மேல வெள்ளையா பூத்துது. அதுல மிஞ்சுன துண்டுலதான் தச்சேன். மூணு நாள் ஒக்காந்து, சின்னச் சின்னத் தையல்.

"முனி, வெள்ளையா பூக்குதே?"ன்னு அவரே கேட்டார்.

"அது ஒண்ணுமில்ல பாய், எண்ணெ போட்டா சரியாப் போய்டும்."

எண்ணெ போட்டேன். பளபளன்னு ஆச்சு. உப்பு ஈரத்த இழுக்கும்னு இந்த ஊர்ல எவனுக்குத் தெரியாது? மழக்காலத்துல உப்புத்தோல் அடுக்கன குடோன் தரை கசியறத வருஷா வருஷம் பாக்கறவன் நான். எம்புத்தி எங்க மேயப் போச்சு?

வெளிய இருந்து ஒரு சொட்டு எறங்கல. பையே காத்துல இருந்த ஈரத்த இழுத்து, உள்ள குச்சி மருந்த கொழகொழன்னு ஆக்கிடுச்சு.

அத வுட… "இனிமே மூணு பெட்டி எதுக்கு பாய், இது ஒண்ணு போதும்"னு சொன்னதும் நான்தான். நம்பிட்டார். நம்பிட்டாருய்யா…

அவர் சம்சாரம் அந்தப் பைய என் கையில குடுத்து, "உங்க தோஸ்த் ஞாபகமா வச்சுக்கோங்கண்ணா"ன்னாங்க. வாங்கிக்கினு வந்து உள்ள வெரல வுட்டு நாக்குல வச்சுப் பாத்தேன். கரிச்சுது.

அவங்ககிட்ட சொல்ல எனக்குத் தைரியம் வரல. இத யாராச்சும் அவங்களுக்குப் படிச்சுக் காட்டுவீங்க… காட்டுங்க. எவ்ளோ திட்டனாலும் வாங்கிக்கறேன்.

அதே தோல்ல மொத்தம் நாலு பை. ஒண்ணு பாய்க்கு. ஒண்ணு என் வீட்ல, அறுத்துப் போட்டுட்டேன். ஒண்ணு குடியாத்தம் ஏழுமலைகிட்ட, ஆள் அனுப்பிட்டேன்.

நாலாவது மாணிக்கம்கிட்ட. என் தங்கச்சி புருஷன். பாய் ஏறி ரெண்டு நாள் கழிச்சு அதே மலைக்கு ஏறனான்.

படிக்கத் தெரியாத தங்கச்சி பக்கத்துல நின்னுக்கினு "இன்னாண்ணா எழுதற?"ங்குது. "பாயப் பத்திம்மா"ன்னு சொல்லி வச்சிருக்கேன்.

மருந்து பாட்டில் ரெண்டுல குச்சியும் ஒரசற பட்டையும் போட்டு, கார்க் அடிச்சு மெழுகு ஊத்திட்டேன். இத ஒட்டிட்டு நேரா ஏறறேன். கூட வர்றவங்க ஆலங்காயம் பாதைக்கு வாங்க.

காதர் பாய்… உங்க ஜனாசா தூக்கறதுக்கு நிக்காம போறேன். கோச்சுக்காதீங்க.

மாணிக்கம் இன்னும் எறங்கல.