பாதியில் நின்ற பலூன்

போன வாரம் பெர்மாஸ் ஜெயாவில் என் தங்கை பேத்திக்குப் பிறந்தநாள் விருந்து. நூலறுந்த பலூன் ஒன்று என் நாற்காலி ஓரமாக இறங்கியது. பிரியாணித் தட்டும் கையுமாக, அது தரையைத் தொடும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன். தொட்டது. அப்புறம்தான் சாப்பிட்டேன். "பலூன் கதைய ஆரம்பிக்கப் போறாரு" என்று என் மனைவி பக்கத்தில் இருந்தவர்களை எச்சரித்தாள். அவளுக்குத் தெரிந்த கதையில் ஒரு பொய் இருக்கிறது. உங்களிடமாவது சொல்லிவிடுகிறேன்.

இளவயதில் எனக்குச் சிம்பாங் ரெங்கம் பக்கம், செம்பனைத் தோட்டத்தை ஒட்டிய துணை மின்நிலையத்தில் வேலை. டிப்ளோமா புதிது, சப்பாத்து புதிது, வாய் மட்டும் பழுத்த அனுபவசாலி. உயர் அழுத்த மின்சாரம் பொறியாகத் தாவாமலிருக்க, சுவிட்சுகளை உலோகப் பெட்டிக்குள் வைத்து எஸ்.எஃப்.சிக்ஸ் என்ற வாயுவை அடைத்திருப்பார்கள். காற்றைவிட ஐந்து மடங்கு கனம். கசிந்தால் பள்ளத்தில் தேங்கி, மூச்சுக்காற்றை மேலே தள்ளிவிடும். நிறமில்லை, மணமில்லை. இதையெல்லாம் பரீட்சையில் எழுதித் தேறியவன்தான் நான். ஆனால் பொறி பட்டுக் கெட்டுப்போன வாயு அழுகிய முட்டை மாதிரி நாறும். ஒரு தடவை அந்த நாற்றம் பட்டதிலிருந்து, எந்தக் கசிவையும் மூக்காலேயே பிடித்துவிடுவேன் என்று ஒரே பீற்றல். வீட்டில் சோறு கருகினால் தெரியாத மூக்கு அது.

ஒரு காலையில் அழுத்தமானியின் முள் இறங்கியிருந்தது. நானும் டெக்னீஷியன் அருள்தாஸும் போனோம். அவனுக்கும் என் வயதுதான். இருந்தாலும் என்னை பாஸ் என்பான். கசிவு பார்க்கும் கருவியில் பேட்டரி செத்திருந்தது. மாற்றியிருக்க வேண்டியவன் நான். குனிந்தபோது சட்டைப் பையிலிருந்த புதுக் கைப்பேசி கேபிள் பள்ளத்துக்குள் விழுந்தது. ஆளுயரப் பள்ளம். விளிம்பில் மண்டிபோட்டு மோந்து பார்த்தேன். "நாத்தமே இல்ல, எறங்கலாம்" என்று தீர்ப்புச் சொல்லி, ஏணியில் ஒரு காலும் வைத்தாயிற்று.

"கொஞ்சம் நில்லுங்க லா பாஸ்" என்று சட்டையைப் பிடித்து இழுத்தான் அருள்தாஸ். கருவிப்பெட்டியிலிருந்து ஒரு மஞ்சள் பலூனை எடுத்தான். மகள் பிறந்தநாளில் மிஞ்சியதாம். ஊதி முடிச்சுப் போட்டான். யாருக்குடா பிறந்தநாள் என்று கேலி செய்தேன். அதைப் பள்ளத்துக்குள் போட்டான்.

பலூன் பாதி ஆழம்வரை இறங்கி நின்றது. கீழே தேங்கியிருந்த வாயு அதை அதற்குமேல் போகவிடவில்லை. அந்தரத்தில் லேசாக ஆடிக்கொண்டிருந்தது. கைப்பேசியை எடுக்கக் குனிந்திருந்தால் என் தலை அதற்குக் கீழேதான் இருந்திருக்கும்.

"நீங்க விழுந்திருந்தா, தூக்க நானும் எறங்கியிருப்பேன் பாஸ்" என்றான். "எனக்குச் சின்னப் பிள்ள இருக்கு."

கோபமாகச் சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். சாதாரணமாகத்தான் சொன்னான்.

காற்றாடி வைத்துப் பள்ளத்திலிருந்த வாயுவை வெளியேற்றினோம். அறிக்கையில் 'கசிவு கண்டறியப்பட்டது' என்று எழுதி என் கையெழுத்தை மட்டும் போட்டேன். பாராட்டு வந்தது, வெட்கமில்லாமல் வாங்கிக்கொண்டேன். கொஞ்ச நாளில் சாப்பாட்டு மேசைக் கதைகளில் பலூன் என் யோசனையாகிவிட்டது. ஒரு முறை அருள்தாஸ் எதிரிலேயே சொன்னேன். அவன் தலை குனிந்து நாசி லெமாக் சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

பிறகு அவன் சிங்கப்பூர் வேலைக்குப் போனான். கைப்பேசி எண்ணும் மாறிவிட்டது. பூமியைச் சூடாக்குகிறது என்று அந்த வாயுவையும் சிலிண்டர்களில் உறிஞ்சி லாரியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். புதுப் பெட்டிகளுக்குள் இப்போது உலர்ந்த காற்றுதான். அந்தப் பள்ளத்தில் இன்று பலூனைப் போட்டால் நேரே தரைக்குப் போகும்.

விருந்தில் அன்றும் கதை கேட்டார்கள். அன்றும் பழையபடிதான் சொன்னேன். பலூன் ஊதியவன் அருள்தாஸ். நான் மோந்து பார்த்தவன்.