வலிமை குறைந்த அமிலம்

பதினாறு வருடங்களாக வேதியியல் நடத்துபவள் அவள். ஹைட்ரஜன் சேர்மங்களைத் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வாள். ஃப்ளூரினுக்கு எலக்ட்ரான் மேல் அப்படியொரு பேராசை. ஹைட்ரஜனோடு பொதுவில் இருக்கும் எலக்ட்ரான் இணையைத் தன் பக்கமே இழுத்துக்கொள்ளும். அதனால் ஒரு முனை நேர், மறுமுனை எதிர். பிணைப்போ உடும்புப் பிடி. தண்ணீரில் போட்டாலும் ஹைட்ரஜனை லேசில் விடாது. குளோரின் உடனே கைகழுவிவிடும். ஆகவே ஹைட்ரோகுளோரிக் வலிமையான அமிலம், ஹைட்ரோஃப்ளூரிக் வலிமை குறைந்தது. இரண்டு மதிப்பெண் கேள்வி.

அவள் கணவன் பட்டறையொன்றில் கண்ணாடிகளில் பூவேலை போடுபவன். ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டே கேட்டான்.

"டீச்சரம்மா, பட்டறைக்குப் புதுசா ஒரு ஆசிட் வந்திருக்கு. ஹைட்ரோஃப்ளூரிக்காம். ஆபத்தா?"

விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தவள் நிமிரவேயில்லை. "அது வீக் ஆசிடுங்க. கக்கூஸ் கழுவுறதைவிட சாது."

"அப்ப சரி" என்றான். கையுறை போட்டால் அவனுக்கு வேலை ஓடாது. மறுநாளே கழற்றி வைத்துவிட்டான்.

மூன்றாவது வாரம் வலது கையில் இரண்டு விரல்கள் மேல் சிந்தியது. எரியவில்லை. துணியில் துடைத்துவிட்டு வேலையைப் பார்த்தான். சாயங்காலம் வீட்டில் கையைப் பிடித்துக்கொண்டு தலையைச் சுவரில் முட்டினான். வெளியே தோல் சற்றே சிவந்திருந்தது, அவ்வளவுதான்.

"சட்டுனு பிரியாததாலதான்மா அது தோலுக்குள்ள முழுசா இறங்கிடுது" என்றார் மருத்துவர். "உள்ள போய் கால்சியத்தைப் பிடிச்சுக்கும். எலும்பு வரைக்கும்."

ஒவ்வொரு சொல்லும் அவளுக்குப் புரிந்தது. அதுதான் கொடுமை.

இரண்டு விரல்களையும் எடுத்துவிட்டார்கள்.

பார்க்க வருகிறவர்களிடமெல்லாம் அவன் சொல்வான்: "கேட்டுட்டுத்தான் தொட்டேன். வீட்லயே டீச்சர் இருக்காங்களே!" அவர்கள் அசட்டுத்தனமாகச் சிரிப்பார்கள். அவள் தண்ணீர் கொண்டுவந்து வைப்பாள். ஒருநாள் அவர்கள் போனதும், "இதுக்கு என்னை நாலு அறை அறைஞ்சிடுங்க" என்றாள்.

"எந்தக் கையால?" என்றான்.

பட்டறையில் இன்னும் ஏழு பேர் வெறுங்கையோடு அதே அமிலத்தில் வேலை செய்தார்கள். கால்சியம் களிம்பு வாங்கிக்கொண்டு அங்கே போனாள். பட்டால் உடனே கழுவிவிட்டுத் தடவ வேண்டிய மருந்து. மேலாளர் வாங்கி அலமாரியில் பூட்டி, சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

"வெளியே வெச்சா வீட்டுக்கு எடுத்துட்டுப் போயிடுவாங்க மேடம்."

அவள் ஏழு பேரிடமும் திரும்பி, கையுறை போடச் சொன்னாள். ஏன் என்பதையும் சொல்ல ஆரம்பித்தாள்.

"டீச்சரம்மா சொல்றாங்க, நல்லா கேட்டுக்கங்கப்பா" என்றான் ஒருவன்.

மற்றவர்கள் சிரித்தார்கள்.