அப்பா எடுத்த ரிசீவர்

நான் ஆராய்ச்சி மாணவியாக இருந்தபோது அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தது. அம்மா அதற்கு முன்பே போய்விட்டாள். மயிலாப்பூர் வீட்டில் நாங்கள் இருவர்தான். அடையாறு பக்கம் இருந்த பல்கலைக்கழகத்துக்கு நான் போவது நின்றது. படிப்பும் நின்றுவிடக் கூடாது என்று என் கைடு ஒரு பழைய கம்ப்யூட்டரையும் மோடத்தையும் வீட்டுக்கு அனுப்பிவைத்தார். டெலிபோன் கம்பி வழியாகப் பல்கலைக்கழகக் கம்ப்யூட்டருக்குள் நுழையலாம் என்பது அப்போது எனக்கே அதிசயம்.

மதியம் அப்பா படுத்ததும் கூடத்தில் உட்கார்ந்து டயல் செய்வேன். மோடம் கிறீச்சிட்டுக் கத்தி ஓயும். கறுப்புத் திரையில் எழுத்துகள் வரும். அந்த நேரத்தில் அங்கே யார் யார் வேலை செய்கிறார்கள் என்றும் பார்க்கலாம். எல்லாம் என்னோடு படித்தவர்களின் பெயர்கள். என் ஆராய்ச்சிக் கணக்கை ஓடவிட்டுவிட்டு அந்தப் பெயர்களையே பார்த்துக்கொண்டிருப்பேன்.

சாந்தோமிலிருந்து வரும் தோழி ஒருத்தி மட்டும் எப்போதாவது பேசுவாள். ஆங்கில எழுத்தில், வேண்டுமென்றே மெட்ராஸ் பாஷையில் அடிப்பாள்.

“இன்னா பண்ற? அப்பா எப்டி கீறாரு?”

“அப்படியேதான். நீங்கள்லாம்?”

“டீ குடிக்கப் போய்க்கினு கீறோம். அப்பறம் பேசலாம்.”

ஒவ்வொரு பெயராக மறையும். கான்டீனில் இப்போது யார் யாரைக் கிண்டல் செய்துகொண்டிருப்பார்கள் என்று யோசித்தபடி காலித் திரை முன்னால் உட்கார்ந்திருப்பேன்.

இணைப்பு அடிக்கடி அறுந்துபோனது. லைன் கோளாறு என்றே நினைத்தேன். ஒரு நாள் அவளோடு பேசிக்கொண்டிருக்கும்போதே திரை முழுக்கக் கண்டபடி எழுத்துகள் சிதறி எல்லாம் நின்றுபோனது. சந்தேகம் வந்து உள்ளே போனேன். அதே லைனில் இன்னொரு போன் அப்பாவின் அறையில் இருந்தது; அதை எடுத்தால் மோடத்தின் இணைப்பு அறுந்துவிடும். அவர் கட்டிலில் எழுந்து உட்கார்ந்து, நல்ல கையால் ரிசீவரைக் காதோடு அழுத்திக்கொண்டிருந்தார்.

“என்னப்பா இது? நான் பேசிண்டிருக்கேனே!”

அவருக்கு ஒவ்வொரு சொல்லாகத்தான் வரும்.

“நீ... பேசறது... கேக்கும்னு.”

ரிசீவரை வாங்கிக் காதில் வைத்தேன். வெறும் இரைச்சல்.

நான் பக்கத்து அறையில்தான் இருந்தேன். காபி, மாத்திரை, தலையணை தவிர அவரிடம் வேறெதுவும் பேசி எத்தனை நாளாயிற்று என்று தெரியவில்லை. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தேன். வெளியே ஒரு ஆட்டோ நெடுநேரம் கிளம்ப மறுத்துக்கொண்டிருந்தது.

மறுநாள் பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிட்டுக் கம்ப்யூட்டர் மேஜையை அப்பாவின் அறைக்கு மாற்றினேன். டயல் செய்ததும் திரையில் வரும் பெயர்களை அவருக்கு வாய்விட்டுப் படிப்பேன். ஒவ்வொருவரைப் பற்றியும் கேட்பார்; சொல்வேன். சில மாதங்களில் தோழி மேல்படிப்புக்கு வெளிநாடு போனாள்.

“அந்தப் பொண்ணு... வரலியா?”

“போயிட்டாப்பா.”

மற்றவர்களும் படிப்பை முடித்துக்கொண்டு போனார்கள். புதியவர்களின் பெயர்கள் வந்தன. அவர்களில் யாரையும் எனக்குத் தெரியாது. என்னையும் யாரும் கூப்பிடவில்லை. ஆனாலும் பெயர்களை வாய்விட்டுப் படித்தேன். அப்பா கேட்டுக்கொண்டிருந்தார்.