முத்துப்பந்தலை ஏலம் கேட்டவர்கள்

அனுசியா கூட்டிவைத்த கல்யாணங்களுக்கு அவளிடமே கணக்கு கிடையாது. தூத்துக்குடி போல்டன்புரத்தில், புருஷன் விஜயராஜின் சரக்குக் கிட்டங்கிக்கு மேலே உள்ள ஒற்றை அறையில், ஒரு கம்ப்யூட்டரையும் இரண்டு போனையும் வைத்துக்கொண்டு அவள் நடத்திவந்த 'முத்துப்பந்தல்' என்ற வெப்சைட்டை, பனங்காட்டுப் பக்கத்தில் கல்யாண வயசுப் பிள்ளை வைத்திருந்த அத்தனை பேருக்கும் தெரியும். சாயர்புரம், உடன்குடி, குரும்பூர் என்று எந்த ஊர்க் கல்யாண வீட்டுக்குப் போனாலும் பந்தியில் அவள் இலைக்கு ஒரு அப்பளம் கூடுதலாக விழும். கல்யாணமான ஆறாம் மாசம் சண்டை வந்தாலும் அவளிடம்தான் வந்து நிற்பார்கள். அதையும் சேர்த்தே சுமந்தாள்.

பெரிய கம்பெனிகளின் சைட்டுகள் எத்தனையோ வந்த பிறகும் அவளிடம் கூட்டம் குறையாததற்கு ஒரே காரணம் சாஸ்தா, அதாவது குலதெய்வம். இந்தப் பக்கத்தில் நட்சத்திரம் பொருந்தாவிட்டால் ஒரு பரிகாரம் சொல்லிச் சமாளித்துவிடலாம். இரண்டு வீட்டுக்கும் ஒரே சாஸ்தா என்று தெரிந்துவிட்டால் முடிந்தது. பங்காளி முறை, காப்பியைக் குடித்துவிட்டுக் கிளம்ப வேண்டியதுதான். அதனால் முத்துப்பந்தலில் பதியும்போது பெயருக்கு அடுத்த வரியே சாஸ்தா கோயில்; அந்த வரி பொருத்தம் பார்க்கிற அனுசியாவுக்கு மட்டும்தான் தெரியும். எந்தத் தெருவில் குடியிருக்கிறார்கள் என்பதை மாற்றிச் சொல்கிறவர்கள் உண்டு, சம்பளத்தைக் கூட்டிச் சொல்லாதவர்களே கிடையாது. சாஸ்தாவை மட்டும் யாரும் பொய்யாகச் சொல்ல மாட்டார்கள்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் அந்தச் சைட்டில் ரம்யா என்ற பெண்ணைப் பதிந்தார்கள். அப்பா இல்லாத பிள்ளை, தனியார் ஆஸ்பத்திரி மருந்துக்கடையில் வேலை. அம்மா முருகேஸ்வரி வெள்ளந்தி; மகளுக்கு வந்த வரன்களையெல்லாம் நல்ல பையன் என்றே சொல்லுவாள். அந்த வரன்களில் ஒருத்தன் பேச்சிராஜா. ரம்யா வேண்டாம் என்றாள். அவன் வேண்டாம் என்பதைக் கேட்டுப் பழகாதவன். அனுசியாவுக்கு ஒரே நாளில் எத்தனை தடவை போன் போட்டான் என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள். கத்தவே மாட்டான். ரொம்ப மெதுவாக, "எக்கா, ஒரே ஒரு தடவை பேச வைங்க எக்கா" என்பான். அனுசியா அவனைச் சைட்டிலிருந்து நீக்கினாள், போனில் தடுத்தாள். அதற்குள் அவன், வேலை என்ற இடத்தில் எழுதியிருந்த ஒரு வரியை வைத்தே ஆஸ்பத்திரியைக் கண்டுபிடித்துவிட்டான். தினமும் மருந்துக்கடைக்கு எதிரே பைக்கை நிறுத்திச் சாய்ந்துகொண்டு நிற்பான். ஒரு சொல் பேச மாட்டான், ஒரு குற்றமும் செய்ய மாட்டான். பார்த்துக்கொண்டே நிற்பான், அவ்வளவுதான்; வீட்டிலேயே இருந்த முருகேஸ்வரி அவன் முகத்தைப் பார்த்ததில்லை. ஆறு மாசம் அதைத் தாங்கிவிட்டு, தாயும் மகளும் ஒரு விடியக்காலையில் வீட்டைக் காலி பண்ணிக்கொண்டு கோயம்புத்தூருக்குப் போய்விட்டார்கள். எங்கே போனார்கள் என்று அனுசியாவுக்கும் இரண்டு சொந்தக்காரர்களுக்கும் மட்டும்தான் தெரியும்.

"பேரை அழிச்சிராதிய எக்கா, மறைச்சு மட்டும் வைங்க. அவ மனசு தேறுனா மறுபடியும் போடலாம்" என்று முருகேஸ்வரி கெஞ்சினதால், ரம்யாவின் பக்கம் வெளியே யாருக்கும் தெரியாமல் உள்ளே இருந்தது. தான் எழுதச் சொன்ன ஒரு வரிதானே அவனை அங்கே கூட்டிக்கொண்டு போய் நிறுத்தியது என்ற உறுத்தல் அனுசியாவை விடவில்லை. இனி எந்தப் பிள்ளை இருக்கிற இடமும் என் கையால் வெளியே போகாது என்று அன்றைக்கே முடிவுகட்டினாள். அதில் அவள் எவ்வளவு கெட்டியாக இருந்தாள் என்பதுதான் இந்தக் கதையில் கொடுமையான விஷயம்.

இந்த வருஷம் தை மாசம், சைட்டை விற்றுவிடுவது என்று தீர்மானித்தாள். சின்னஞ்சிறுசுகள் போன் ஆப்பிலேயே ஆளைப் பார்த்து முடித்துக்கொள்கிறார்கள். இன்னும் இரண்டு வருஷம் போனால் சும்மா கொடுத்தாலும் வாங்க ஆள் வராது. வெப்சைட்டுகளை ஏலத்தில் விடுவதற்கென்றே ஒரு தளம் இருக்கிறது என்று யாரோ சொல்ல, முத்துப்பந்தலை அதில் ஏற்றினாள். பங்குனி உத்திரத்தன்று மதியம் ஏலம் முடியும். அதுவரை பெயர், போன் நம்பர், போட்டோ, ஊர், இந்த நான்கையும் யாருக்கும் காட்டுவதில்லை. வாங்குகிறவர் யார் என்று நேரில் பார்த்த பிறகுதான் மற்றதெல்லாம் என்று எழுதியும் போட்டாள்.

வந்தார்கள் பாருங்கள் ஏலம் கேட்க! ஒருத்தன் எதைச் சொன்னாலும் "லாஸ்ட் பிரைஸ் என்ன?" என்றே திரும்பத் திரும்பக் கேட்டான். ஏலம் என்றால் என்னவென்று அவனுக்கு விளக்கியே அவளுக்கு வாய் வலித்தது. இன்னொருத்தன் ஒரே மூச்சில் விலையை உச்சாணிக்கு ஏற்றிவிட்டு, முன்பணம் கேட்டதும் வீட்டுப் பூனை கீபோர்டில் நடந்துவிட்டது என்று கையை விரித்தான். மூன்றாவது ஆள், தான் சொன்ன விலைக்குத் தராவிட்டால் போலிச் சைட் என்று ஊரெல்லாம் எழுதுவேன் என்று மிரட்டினான். நான்காவது ஆள், சைட்டை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள், பெண்களின் போன் நம்பரை மட்டும் தாருங்கள், கடன் கம்பெனிக்கு ஆகும் என்றான். அவனைத் திட்டின திட்டில் கீழே கிட்டங்கியில் மூட்டை அடுக்கிக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். ஒழுங்காகப் பேசினது நாகர்கோவில் அபிலாஷ் ஒருத்தர்தான். கல்யாண போட்டோ எடுக்கிறவர். ஆனால் அவர் கேட்ட விலை தரையை விட்டு எழும்பவில்லை.

விஜயராஜ் கப்பல்களுக்குக் காய்கறி, மளிகை ஏற்றிவிடுகிற வியாபாரி. பல தேசத்துக் கேப்டன்களோடு மல்லுக்கட்டின ஆள். அவன் சொன்னான்: "சத்தம் போடுதவனைப் பத்திக் கவலையே படாத ஏளா. சத்தம் போட்டுட்டுக் கையெழுத்துப் போட்டுருவான். நைஸா பேசுவான் பாரு ஒருத்தன், அவன்கிட்டதான் சூதானமா இருக்கணும்."

அச்யுதன் வந்தது அதற்கு மறுநாள்.

ஆழ்வார்திருநகரிப் பக்கம் பூர்வீகம், பெங்களூரில் சாஃப்ட்வேர் வேலை, சொந்த ஊர்ச் சனங்களுக்கு ஏதாவது செய்ய ஆசை என்று எழுதியிருந்தான். படத்தில் நெற்றியில் திருமண்ணோடு பளிச்சென்று இருந்தான். முதலில் மேடம் என்றான், இரண்டாம் நாளிலிருந்து அக்கா. போனில் பேசலாமே என்று அனுசியா கேட்டதற்கு, தொண்டையில் ஆபரேஷன், டாக்டர் பேசக்கூடாது என்றிருக்கிறார், எழுத்தில்தான் முடியும் என்றான். அவளுக்குப் பாவமாகக்கூட இருந்தது. பேரம் பேசாமல் அபிலாஷ் கேட்டதைவிட இரண்டு மடங்கு விலை வைத்தான்.

"எங்கள் வீட்டில் பெருமாள்தான் எல்லாம். உங்கள் சைட்டில் சாஸ்தா என்று ஒரு வரி இருக்கிறதே, அது என்ன அக்கா?" என்று ஒருநாள் கேட்டான்.

இதைவிட வேறு என்ன வேண்டும் அவளுக்கு? மத்தியானச் சோற்றை ஆறவிட்டு விளக்கம் எழுதினாள். ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு சாஸ்தா, அது ஏதோ ஒரு செம்மணல் தேரிக்காட்டிலோ குளத்தங்கரையிலோ இருக்கும், யார் எங்கே பிழைக்கப் போனாலும் அது மாறாது என்றாள். பங்குனி உத்திரத்துக்கு எல்லாரும் கட்டாயம் அங்கே வருவார்களா என்று அடுத்த கேள்வி வந்தது. "துபாயில் இருந்தாலும் டிக்கெட் போட்டு வந்துவிடுவார்கள் தம்பி. அன்றைக்கு வராமல் இருக்கக் கூடாது. வருஷத்தில் ஒருநாள் மொத்தக் குடும்பத்தையும் ஒரே இடத்தில் பார்க்கலாம்" என்று பெருமையாக எழுதி அனுப்பினாள். அவனும் கைகூப்புகிற படம் ஒன்றை அனுப்பினான்.

"பெருமாள் வீட்டுப் பையன், சாஸ்தாவைப் பத்தி நம்மளைவிடக் கூடக் கேக்கானே" என்றான் விஜயராஜ்.

"வாங்குத பொருளைப் பத்திக் கேக்கக் கூடாதா? ஒங்களுக்கு யாரைப் பாத்தாலும் சந்தேகம்" என்று சள்ளென்று விழுந்தாள்.

உத்திரத்துக்கு முந்தின வாரம் அவன் ஒரு பரீட்சை வைத்தான். பல சைட்டுகளில் பாதி வரன்கள் கற்பனை ஆட்களாம். "ஐந்து வரன்களின் பதிவு எண்கள் தருகிறேன். பெயர் வேண்டாம், போன் வேண்டாம், ஊரும் வேண்டாம். நட்சத்திரமும் சாஸ்தாவும் மட்டும் சொல்லுங்கள். எல்லாமே உண்மையான ஆட்கள்தான் என்று மனசு திருப்திப்படும்" என்று எழுதியிருந்தான். எவ்வளவு நாகரிகமான மனுஷன், தான் காட்டமாட்டேன் என்றதில் ஒன்றைக்கூடக் கேட்கவில்லையே என்று அனுசியா நினைத்தாள். பெயரைக்கூடக் கவனிக்காமல் ஐந்து எண்களையும் தட்டிப் பார்த்து, ஐந்துக்கும் பதில் எழுதினாள். கொடுக்கக் கூடாது என்று அவள் பூட்டிவைத்த நான்கில் ஒன்றையும் கொடுக்கவில்லை. அந்த நிம்மதியோடு போய்க் குளித்தாள்.

உத்திரத்தன்று அனுசியாவும் விஜயராஜும் ஏரல் பக்கத்தில் இருக்கும் தங்கள் சாஸ்தா கோயிலுக்குப் போயிருந்தார்கள். பொங்கல் பொங்கி இறக்கியாயிற்று. புளியமரத்து நிழலில் சொந்தபந்தமெல்லாம் உட்கார்ந்திருந்தது. ஏலம் முடிய இன்னும் கொஞ்ச நேரமே இருந்தது. அவள் போனைக் கையை விட்டு இறக்கவில்லை. வரப்போகிற பணத்தில் மாடியில் இன்னொரு அறை போடலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தாள். அப்போது அச்யுதனிடமிருந்து செய்தி வந்தது.

"கேட்ட விலையை வாபஸ் வாங்கிக்கிடுதேன் எக்கா. எனக்குச் சைட்டு வேண்டாம். தேடுனது கிடைச்சிட்டு."

பெங்களூர்க்காரனின் எழுத்துத் தமிழ் எங்கே போயிற்று? 'எக்கா' என்ற அந்த ஒரு சொல்லை அவள் மெதுவாக, ரொம்ப மெதுவாக, காதுக்குள் கேட்டாள். அந்த ஐந்து எண்களைத் தேடி எடுத்தாள். நான்கு எண்கள் யார் வேண்டுமானாலும் சைட்டில் பார்க்கக்கூடியவை. ஐந்தாவது எண் ஒரு வருஷமாக யார் கண்ணுக்கும் தெரியாத எண். முன்பே பார்த்து வைத்துக்கொண்டவனுக்குத்தான் அது தெரிந்திருக்க முடியும். அந்த எண்ணுக்கு நேராக, வடலிமுத்து சாஸ்தா என்று அவளே எழுதிக் கொடுத்திருந்தாள்.

இன்றைக்கு உத்திரம். கோயம்புத்தூரிலிருந்து ரம்யா அங்கே வந்திருப்பாள்.

முருகேஸ்வரிக்குப் போன் போட்டாள். எடுக்கவில்லை. திரும்பப் போட்டாள், எடுக்கவில்லை. மூன்றாம் தடவை, மேளச் சத்தத்துக்கு நடுவே அந்த வெள்ளந்தியான குரல் சந்தோஷமாக வந்தது.

"எக்கா, ஒங்களுக்கு நூறு ஆயுசு! இப்பந்தான் ஒங்களைப் பத்திப் பேசிக்கிட்டிருந்தோம். நீங்க அனுப்புன பையன் வந்திருக்காவ."

"நான் அனுப்புனேனா?"

"ஆமா, அனுசியா அக்கா அனுப்புனாவன்னு சொன்னாவ. ரம்யா நட்சத்திரத்தைக்கூடச் சரியாச் சொன்னாவ. எவ்வளவு மரியாதையான பையன்! நம்ம வீடு எங்கன இருக்கு, அவ எந்த ஆஸ்பத்திரியில வேலை பாக்கா, எத்தனை மணிக்கு வருவா, எல்லாம் கேட்டுக்கிட்டாவ. நீங்க அனுப்புன ஆளுன்னு நானும் ஒண்ணையும் மறைக்கல."

"முருகேஸ்வரி, ரம்யா எங்க?"

"கிணத்தடிக்குத் தண்ணி எடுக்கப் போயிருக்கா. நான் அங்கனயே போய்ப் பேசிக்கிடுதேன்னு அவியளும் போயிருக்காவ. ஏன் எக்கா?"

"அது பேச்சிராஜா! ஓடுங்க! ஆம்பளையளைக் கூப்பிட்டுக்கிட்டு ஓடுங்க!"

போன் எங்கோ விழுந்த சத்தமும், அதற்கு மேலே மேளச் சத்தமும் மட்டும் கேட்டன. விஜயராஜ் வண்டியை எடுத்தான். நாசரேத்தைத் தாண்டித் தேரிக்காட்டுப் பாதையில் திரும்பும்வரை அனுசியா வாய்விட்டு அழுதுகொண்டே வந்தாள்.

ரம்யாவுக்கு ஒரு கீறல்கூட இல்லை. அவன் அவளைத் தொடவே இல்லை. மாமன்மார் ஓடிப்போய்ச் சேர்வதற்குள், பல்லாயிரம் பேர் கூட்டத்துக்குள் நடந்தே போய் மறைந்துவிட்டான். கிணற்றடியில் அவள் கையிலிருந்த குடத்தை வாங்கி, தண்ணீர் இறைத்து நிரப்பிக் கொடுத்துவிட்டு, "ஆஸ்பத்திரி வாசல்ல ஒரு டீக்கடை இருக்காம்லா, அம்மா சொன்னாவ. அங்கன வாரேன்" என்று மட்டும் சொன்னானாம். எப்போதும்போல ஒரு குற்றமும் செய்யாமல்தான் போனான்.

அன்றைக்கே புகார் கொடுத்தார்கள். அச்யுதன் என்ற பெயரும் பொய், படமும் யாரோ ஒருவருடையது. மறுநாள் காலையில் அனுசியா முத்துப்பந்தலை அடியோடு அழித்தாள். அத்தனை வீட்டாரின் விவரங்களும் அதோடு போயின. ஏலத்தை முறித்துவிட்டாள் என்று தளத்துக்காரர்கள் அபராதம் போட்டார்கள். அபிலாஷ் மட்டும், நடந்ததைக் கேட்டுவிட்டு, "நல்லதே பண்ணுனீங்க" என்றார். அந்த ஆறுதல் அவள் மனசில் ஒட்டவில்லை. தன் பேரைச் சொன்னால் எந்த வீட்டுக் கதவும் திறக்கும் என்று இத்தனை வருஷம் பூரித்திருந்தாளே, அந்தப் பேரையே அவன் சாவியாகக் கொண்டுபோய்விட்டான்.

கோயம்புத்தூரில் வீட்டைக் காலி பண்ணிவிட்டு வேறு ஊருக்குப் போகிற அன்று, ரம்யா போன் பண்ணினாள். திட்டுவாள், திட்டட்டும் என்றுதான் அனுசியா எடுத்தாள். அவள் திட்டவில்லை. எந்த ஊர் என்றும் சொல்லவில்லை, இவளும் கேட்கவில்லை.

"எக்கா, வீட்டை மாத்திட்டோம். வேலையை மாத்திட்டேன். போன் நம்பரையும் இந்தா மாத்தப் போறேன்" என்றாள். பிறகு கேட்டாள்: "அடுத்த உத்திரத்துக்கு எங்க சாஸ்தாவை எங்க எக்கா மாத்த?"