மூன்றாம் துணைநூலில் இல்லாத விதி

அப்படி ஒரு விதி எந்தப் புத்தகத்திலும் இல்லை. நான்தான் இட்டுக்கட்டினேன்.

பக்க எண் வரைக்கும் சொல்லி, விரலை வைத்துக் காட்டி, நாக்கு கூசாமல் பொய் சொன்னேன். அந்தப் பொய்யால் ஒருத்தி செத்துப்போனாள்... பதறாதீர்கள். ரத்தமும் சதையுமான மனுஷி அல்ல, தாளில் பென்சிலால் எழுதப்பட்டவள். 'ப்பூ, இவ்வளவுதானா!' என்று நீங்கள் எழுந்து போய்விடக் கூடாது. முழுவதையும் கேட்டுவிட்டுச் சொல்லுங்கள், அது சாவா இல்லையா என்று.

எனக்குப் பாலக்கோட்டில் மோட்டார் பழுதுபார்க்கும் கடை. ஆழ்துளைக் கிணறுகளுக்குள் இறக்குவார்களே, அந்த மோட்டார்கள். அதற்கு முன் ஆறு வருடம் பெங்களூரில் ஒரு கம்பெனியில் இருந்தேன். அங்கே உடன் வேலை பார்த்தவர்கள் வாரம் ஒருமுறை மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஒரு விளையாட்டு ஆடுவார்கள். பலகை கிடையாது, சீட்டுக்கட்டு கிடையாது. ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரம் ஆகி, அதன் திறமையையும் கைப்பொருள்களையும் ஒரு தாளில் பென்சிலால் எழுதிக்கொள்வார்கள். 'எதிரே ஒரு குகை இருக்கிறது, என்ன செய்கிறாய்?' என்று நடத்துபவர் கேட்பார். நீங்கள் சொல்வீர்கள். நீங்கள் சொன்னது பலிக்குமா என்பதை இருபது முகம் கொண்ட ஒரு பகடை சொல்லும். இவ்வளவுதான் விளையாட்டு. ஆனால் முதல் நாள் ஆடிவிட்டு வந்து நான் தூங்கவே இல்லை!

ஊருக்குத் திரும்பியபோது விதிநூல் ஒன்றும் அதன் துணைநூல்கள் நான்கும் என் பெட்டியில் வந்தன. எல்லாம் ஆங்கிலம். பொடி எழுத்து. பூதங்களுக்கு ஒரு துணைநூல், மந்திரங்களுக்கு ஒன்று, பயணங்களுக்கு ஒன்று, இறந்தவர்களின் நகரங்களுக்கு ஒன்று.

மாரண்டஹள்ளியில் மூன்று பேரைச் சேர்த்தேன். மாதேஷ், தக்காளி லோடு ஓட்டுபவன். கிளாரா டீச்சர், பள்ளிக்கூடத்தில் கணக்கு எடுப்பவர். அப்புறம் மஞ்சுளா, பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் மருந்துக்கடையில் வேலை பார்ப்பவள். ஞாயிறு மதியம் மாதேஷின் குடோனில் காலி தக்காளி கிரேட்டுகளைக் கவிழ்த்துப் போட்டு, மேலே ஒரு பலகையை வைப்போம். அதுதான் எங்கள் மேசை. 'கண்டக்டரே, அடுத்த ஸ்டாப் எது?' என்று மாதேஷ் என்னைக் கிண்டலடிப்பான்.

அவர்களில் யாருக்கும் ஆங்கிலம் தெரியாது என்றா நினைக்கிறீர்கள்? அப்படியெல்லாம் இல்லை. டாக்டர்களின் கோழிக்கிறுக்கலையே ஒரே பார்வையில் படித்துவிடுபவள் மஞ்சுளா. "நீங்கதான் படிச்சு வெச்சிருக்கீங்களேங்ணா, எங்களுக்கு எதுக்கு?" என்பாள். அது சோம்பேறித்தனம் அல்ல, நம்பிக்கை! எங்கள் மேசையின் சட்டம் முழுவதும் என் ஒரு வாய் வழியாகத்தான் வந்தது. மூன்று வருடம் நான் அதை மாற்றியதில்லை, மறைத்ததில்லை. சத்தியமாகச் சொல்கிறேன்.

அந்த மூன்று வருடமும் நான் ஒரே கதையை நடத்தினேன். வத்தல்மலை மாதிரி ஒரு மலை. அதன் அடியில் ஒரு பூதம் படுத்திருக்கிறது. அது புரண்டால் ஊர்கள் இடிகின்றன. ஏன் புரள்கிறது என்பதற்கு நான் ஒரு சாபக்கதை வைத்திருந்தேன். கடைசியில் பெரும் போர். அந்தப் போருக்காக மட்டும் நாற்பது பக்க நோட்டு முழுக்க எழுதி நிரப்பியிருந்தேன். பூதம் பேச வேண்டிய வசனத்தைக் கடையில் மோட்டாரைக் கழற்றிக்கொண்டே சொல்லிப் பார்த்திருக்கிறேன். கடைப்பையன் இருந்திருந்தால் எனக்குப் பைத்தியம் என்று ஓடியிருப்பான்!

மஞ்சுளாவின் பாத்திரத்துக்குப் பெயர் மல்லம்மா. வீராங்கனை இல்லை, மந்திரக்காரி இல்லை. கிணறு வெட்டுபவள். வாளுக்குப் பதில் கடப்பாரை.

அந்த ஞாயிறு வந்தது. மூவரும் பூதத்தின் எதிரே நின்றார்கள். மாதேஷ் வாளை உருவினான். கிளாரா டீச்சர் மந்திரம் எதுவென்று தாளில் தேடினார். மஞ்சுளா மட்டும் பென்சிலைக் கன்னத்தில் தட்டிக்கொண்டு யோசித்தாள்.

"அண்ணா, அதோட முதுகு எப்படி இருக்குதுங்க?"

முதுகா? பூதத்தின் முதுகைப் பற்றி நான் ஒரு வரிகூட எழுதவில்லை. வாய்க்கு வந்தபடி, "ஓட்டை ஓட்டையாக இருக்கிறது" என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன்? இன்றுவரை தெரியவில்லை.

அவள் நிமிர்ந்தாள். அந்த முகத்தை என்னால் மறக்க முடியாது.

"அதாங்ணா! மேல இருக்கிற ஊருங்க எல்லாம் தண்ணிக்கு ஓட்டை போட்டுக்கினே இருக்குதுங்க. ஆயிரம் அடி, ஆயிரத்தி இருநூறு அடி... அதெல்லாம் இது முதுகுலதான் இறங்குது. வலிக்காதுங்களா? அதான் புரளுது. இது கெட்டது இல்லீங்ணா, இதுக்குப் புண்ணு!"

எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. நாள் முழுக்க போர்வெல் மோட்டாரோடு கிடப்பவன் நான்! கையில் அந்தச் சேறும் கிரீசும் போகாதவன் நான்! எனக்குத் தோன்றவில்லை... மருந்துக்கடையில் நிற்பவளுக்குத் தோன்றுகிறது. மூன்று வருடமாக நான் சொல்லிவந்த கதையின் அர்த்தத்தை எனக்கே அவள் எடுத்துச் சொல்கிறாள்! அடடா, இப்படியும் ஒரு மூளையா என்று அண்ணாந்து பார்த்தேன்.

பார்த்த அதே நொடியில் வயிறு எரிந்தது.

"நான் அந்தப் புண்ணை மண்ணு வெச்சு மூடறேன்" என்றாள். பதினைந்துக்கு மேல் விழ வேண்டும் என்றேன். உருட்டினாள். பகடை பலகையில் ஓடி, விளிம்பில் தட்டி நின்றது. இருபது! மாதேஷ் துள்ளிக் குதித்ததில் மேசை ஆடியது.

முடிந்தது. என் போர் இல்லை, என் வசனம் இல்லை, நாற்பது பக்கமும் குப்பை. அப்போதுதான் நான் வாயைத் திறந்தேன்.

"இருங்க. ஒரு ரூல் இருக்கு."

மூன்றாம் துணைநூலை எடுத்தேன். நூற்று முப்பத்தெட்டாம் பக்கம் என்றேன். விரலை வைத்து வரிவரியாகப் படிப்பதுபோல் சொன்னேன். 'மலைப்பூதத்தின் புண்ணைத் தொட்டவர் உயிரோடு திரும்புவதில்லை, பகடை என்ன சொன்னாலும். அவராக ஆடியவர் அந்த உலகத்துக்குள் வேறு ஆளாக மறுபடி வரக் கூடாது.' என் விரலுக்கு அடியில் உண்மையில் இருந்தது என்ன தெரியுமா? எந்தப் படகு எவ்வளவு வேகத்தில் போகும் என்ற அட்டவணை.

முதல் பாதியைப் பொறாமை சொல்லிற்று. இரண்டாம் பாதியை எது சொல்லிற்று? பயம். இவள் இன்னொரு பாத்திரமாக வந்தால் அடுத்த கதையும் என் கையை விட்டுப் போய்விடும் என்ற பயம்... வேறென்ன?

"அப்படியாங்க இருக்குது?" என்றாள் மஞ்சுளா.

"ஆமாம்."

புத்தகத்தை எட்டிப் பார்த்திருக்கலாம். கை நீட்டி வாங்கியிருக்கலாம். அவள் பார்க்கவே இல்லை. தன் தாளை எடுத்து மேலிருந்து கீழே ஒருமுறை படித்தாள்.

"சரிங்க. தொட்டுட்டுத் திரும்பி வர முடியாதுன்னா, வராம இருக்கிற மாதிரியே போறேன். மண்ணு வெச்சா மழைக்குக் கரைஞ்சிடும். நானே அந்த ஓட்டைக்குள்ள இறங்கிடறேன்."

பிறகு அவள் செய்ததைக் கேளுங்கள். அழிப்பானை எடுத்தாள். தன் தாளில் இருந்த பொருள்களை ஒவ்வொன்றாக அழித்தாள். அழிக்க அழிக்க, மற்றவர்களை அவரவர் தாளில் எழுதிக்கொள்ளச் சொன்னாள். "மாதேசு, கயிறு அறுபது அடி, நீ எழுதிக்கோ. எனக்கு மேல ஏற வேண்டியதில்லயே. டீச்சர், கைவிளக்கு உங்களுக்குங்க. பொரி கொஞ்சம் மீதி இருக்குது, ரெண்டு பேரும் பிரிச்சுக்கோங்க." மாதேஷ் எழுதினான். எழுதும்போதே மூக்கை உறிஞ்சினான். நாற்பது கிலோ கிரேட்டைத் தோளில் தூக்கிப் போடுகிறவன்!

கடைசியில் கடப்பாரையையும் அழித்தாள். அவள் வீட்டில் பேசுவது கன்னடம். எங்கள் மேசையில் ஒரு நாளும் அவள் அதைப் பேசியதில்லை. அன்று பேசினாள், எங்களிடம் அல்ல, பூதத்திடம். "மல்கோ சாமி... மல்கோ." தூங்கு சாமி, தூங்கு. குழந்தைக்குச் சொல்வதுபோல மெல்ல, திரும்பத் திரும்பச் சொன்னாள்.

கிளாரா டீச்சர் எழுந்து நின்றுவிட்டார். ஏன் நின்றார் என்று அவருக்கே தெரிந்திருக்காது. நானும் எழுந்தேன். மேசையில் இருந்தது ஒரு வெற்றுத்தாளும் ஒரு பகடையும்தான்... ஆனால் கோயில் கருவறைக்கு முன்னால் நின்றதுபோல நின்றேன். பெங்களூரில் ஆறு வருடம் ஆடியிருக்கிறேன். அப்படி ஒன்றை நான் பார்த்ததில்லை. இனிப் பார்க்கப் போவதும் இல்லை.

அப்போதே சொல்லியிருக்க வேண்டும்! 'மஞ்சு, நான் சொன்னது பொய்' என்று நாலு வார்த்தை. சொன்னேனா? மாதேஷ் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "என்னா ரூலுங்ணா அது! பயங்கரம்!" என்றான். நான் அடக்கமாகச் சிரித்தேன். ஆமாம், சிரித்தேன். ஏதோ நான் தேடிக் கண்டெடுத்த புதையல் மாதிரி அந்தப் பாராட்டை வாங்கி வைத்துக்கொண்டேன்.

அதன்பின் இரண்டு வருடம் அவள் ஆடவில்லை. வராமல் இருந்துவிட்டாளா என்றால், அதுவும் இல்லை. ஒரு ஞாயிறுகூடத் தவறாமல் வந்தாள். மற்றவர்கள் போகும் வழிகளுக்கு வரைபடம் போட்டுக் கொடுத்தாள். ஏரி, ஓடை, கணவாய் எல்லாவற்றையும் கலர் பென்சிலில் வரைவாள். யாராவது சிக்கலில் மாட்டினால் அவளுக்கு வழி தெரிந்துவிடும். முகத்தில் தெரியும். உதட்டைக் கடித்துக்கொள்வாள். ஒருமுறை மாதேஷ், "வேற பேருல வந்துடேன் மஞ்சு, யாரு கேக்கப் போறாங்க?" என்றான். "ரூலுன்னா எல்லாருக்கும் ரூலுதான" என்று சொல்லிவிட்டுக் குனிந்துகொண்டாள். நான் எதிரே உட்கார்ந்திருந்தேன். டீ குடித்துக்கொண்டிருந்தேன்.

இன்னொன்றும் நடந்தது. கதைக்குள் எங்கே தண்ணீர் குடித்தாலும், முதல் கை நீரை மண்ணில் விடுகிறேன் என்று கிளாரா டீச்சர் சொல்ல ஆரம்பித்தார். "மல்லம்மாவுக்கு" என்பார். மாதேஷும் பிடித்துக்கொண்டான். நான் ஏற்படுத்திய வழக்கம் அல்ல அது. ஒவ்வொரு முறை கேட்கும்போதும் மெய்சிலிர்க்கும்... நான் மட்டும் குனிந்து நோட்டைப் புரட்டுவேன்.

சென்ற மாதம் மாதேஷ் இண்டூரில் தன் சொந்தக்காரர்களைச் சேர்த்து ஒரு புது மேசை தொடங்கினான். என்னிடம் வந்து, "அந்தப் பக்கத்தை மட்டும் ஒரு ஜெராக்ஸ் குடுங்ணா, அங்கயும் அந்த ரூல வெக்கணும்" என்றான். தேடித் தருகிறேன் என்று சமாளித்தேன்.

மறுநாள் மதியம் மருந்துக்கடைக்குப் போனேன். கூட்டம் இல்லை. மஞ்சுளா மாத்திரை அட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். சொல்லிவிட்டேன். மூச்சு விடாமல் எல்லாவற்றையும் சொன்னேன்... படகு அட்டவணை உட்பட.

அவள் கையில் இருந்த அட்டையைக் கீழே வைத்தாள்.

"அப்போ அவ சாக வேண்டியதே இல்லீங்களா?"

"இல்லை."

"இருபது வுழுந்துச்சுங்களே."

"விழுந்தது மஞ்சு."

ஒரு பெரியவர் இருமல் மருந்து கேட்டு வந்தார். எடுத்துக் கொடுத்தாள். சாப்பாட்டுக்கு அப்புறம் குடிக்க வேண்டும், மூடியால் அளந்து குடிக்க வேண்டும் என்று பொறுமையாகச் சொல்லி அனுப்பினாள். குரலில் ஒரு மாற்றமும் இல்லை. நான் கல்லாவுக்கு இந்தப் பக்கம் திருடன்போல நின்றேன்.

"ஞாயித்துக்கிழமை வா மஞ்சு. மாத்திடலாம். மல்லம்மா பொழைச்சு மேல வந்துட்டான்னு நானே சொல்லிடறேன். அவங்ககிட்டயும் உண்மையைச் சொல்லிடறேன்."

அவள் என்னைப் பார்த்தாள். கோபம் இருக்கும் என்று நினைத்தேன், இல்லை. என்ன பேசுகிறாய் நீ என்பதுபோல ஒரு பார்வை.

"அதெப்படிங்ணா முடியும்? நான் மேல வந்தா அது முழிச்சுக்குமே."

ஐயோ... நான் என்ன சொல்வேன்! பொய்யை வாபஸ் வாங்கத்தான் போனேன். ஆனால் அவள் இரண்டு வருடமாக அந்த ஓட்டைக்குள்ளேயே இருக்கிறாள். என் பொய்க்குள் அவள் வைத்தது அத்தனையும் உண்மை. அதை நான் எப்படி வாபஸ் வாங்குவது? அங்கேயே, கண்ணாடி அலமாரிக்கு முன்னால், அவள் காலில் விழலாம்போல இருந்தது. விழவில்லை. வண்டியை எடுத்துக்கொண்டு கடைக்கு வந்துவிட்டேன்.

ஞாயிறு வந்தது. அவள் வர மாட்டாள் என்று நினைத்தேன். வந்தாள். கலர் பென்சில்களைப் பலகையில் பரப்பினாள்.

மாதேஷ் உட்காரும்போதே, "ஜெராக்ஸ் எங்கண்ணா?" என்றான்.

இப்போது சொல், இப்போது சொல் என்று மனசு அடித்துக்கொண்டது. மூன்று முகங்களும் என்னைப் பார்த்தன. இல்லை... இரண்டு முகங்கள்தான் பார்த்தன. மஞ்சுளா குனிந்து ஒரு ஓடைக்கு நீலம் தீட்டிக்கொண்டிருந்தாள்.

"மறந்துட்டேன்டா" என்றேன்.

நீலப் பென்சில் நின்றது. அவள் நிமிரவில்லை. கிளாரா டீச்சர் அவளிடம் திரும்பி, "நீயாவது ஞாபகப்படுத்தக் கூடாதா மஞ்சு?" என்றார்.

"அடுத்த வாரம் ஞாபகப்படுத்தறேங்க டீச்சர்" என்றாள்.

அவள் பொய் பேசி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.