மோட்டார் ஓடாத மாலை

சென்ற ஆண்டு, மழைக்காலத் தொடக்கம். மும்பை தாராவியில், குறுகிய சந்துக்குள் எதிரெதிரே வாசல் பார்த்த வரிசை வீடுகளில் ஒன்று எங்களுடையது. அலுவலகம் மூடப்பட்டு வேலையிழந்த என் மனைவிக்கு, வீட்டிலிருந்தே கணக்கு எழுதும் பணி ஒன்று கிடைத்திருந்தது. ஆனால் அந்நிறுவனத்தின் மென்பொருள் எங்கள் பழைய மேசைக் கணினியில் ஓடவில்லை. திங்கட்கிழமை காலை பணியில் இணையாவிட்டால் வேறொருவரை எடுத்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டார்கள்.

கணினி உதிரிபாகக் கடைகள் நிறைந்த லாமிங்டன் சாலையில், பயன்படுத்தப்பட்டதாயினும் வேகமான பிராசசர் ஒன்றை வாங்கிவந்து பொருத்தினேன். திரை கறுத்தே கிடந்தது. மதர்போர்டின் கையேடு எங்களிடம் இல்லை; தயாரித்த நிறுவனமும் அந்தப் பக்கத்தை இணையத்திலிருந்து நீக்கியிருந்தது. போர்டின் தூசியைத் துடைத்து, அதில் அச்சிட்டிருந்த எண்ணைக் கொண்டு தேடினேன். முன்பின் அறியாத யாரோ ஓர் இணைய மன்றத்தில் சேமித்து வைத்திருந்த கையேடு, ஞாயிறு மாலைதான் அகப்பட்டது. பழைய பிராசசரையே மீண்டும் பொருத்தி, பயாஸ் என்னும் அடிப்படை மென்பொருளை முதலில் புதுப்பிக்க வேண்டுமாம். இடையில் மின்சாரம் நின்றால் போர்டு பிழைக்காது என்று தடித்த எழுத்தில் எச்சரித்திருந்தது.

எங்களிடம் யூபிஎஸ் இல்லை. துணிந்து தொடங்கிவிட்டேன். பாதியில் இருக்கும்போது வாசல் குழாயில் காற்று சீறியது. அன்று பார்த்துத் தண்ணீர் முன்னதாகவே வந்துவிட்டது. கொஞ்ச நேரமே வரும் தண்ணீரைப் பிடிக்கச் சந்தின் எல்லா வீட்டு மோட்டார்களும் ஒன்றாக ஓடும்; மெயின் பியூஸ் போவது வாடிக்கை.

மனைவி வெளியே பாய்ந்தாள். எதிர்வீட்டில் இட்லிக் கடை நடத்தும், அண்ணி முறை வைத்து மனைவி 'மைனி' என்றழைக்கும் நெல்லைக்கார அம்மாவின் கை சுவிட்சின் மேல் இருந்தது.

"மைனி, போட்ராதீங்க. பியூஸ் போச்சுன்னா கம்ப்யூட்டரும் போச்சு, என் வேலையும் போச்சு."

"தண்ணி போச்சுன்னா நாளைக்கு என் யாவாரம் போச்சுல்லா? அரைக்க ஊறப் போட்டுருக்கேன்."

அந்த அம்மா எங்கள் கதவு வழியே, திரையில் புதுப்பிப்பு எவ்வளவு முடிந்தது என்று காட்டியபடி ஊர்ந்துகொண்டிருந்த கோட்டை எட்டிப் பார்த்தார். பிறகு சந்து முழுவதும் கேட்கும்படி தமிழிலும் இந்தியிலும் குரல் கொடுத்தார்: "ஏளா, எவளும் மோட்டரப் போடப்பிடாது. இந்தப் பிள்ளைக்கு வேலை போயிரும். மோட்டர் பந்த் ரக்கோ, சப் லோக்." என்னிடம் திரும்பி, "அண்ணாச்சி, அந்தக் கோட்டக் கொஞ்சம் வெரசா நவுத்தும்" என்றார்.

குடங்களோடு எல்லோரும் வாசலில் நின்றார்கள். மோட்டார் இல்லாமல் நீர் நூலாக ஒழுகியது. கம்ப்யூட்டருக்குப் பிரசவமா என்று யாரோ கேட்க, சிரிப்பு எழுந்து அடங்கியது. என் கண் கோட்டிலும் காது எதிர்வீட்டுச் சுவிட்சிலும் இருந்தன.

கோடு முடிந்தது. கணினி அணைந்து, தானாகவே மீண்டும் எழுந்தது. "போடுங்க மைனி" என்றாள் மனைவி. மோட்டார்கள் உறுமின. உறுமிய வேகத்தில் பியூஸ் போனது. அதை மாற்றுவதற்குள் தண்ணீரும் நின்றுவிட்டது.

எதிர்வீட்டு டிரம்மில் பாதிகூட இல்லை. நாங்கள் சேமித்திருந்த நீரை மனைவி சுமந்து சென்றாள். மற்ற வீடுகளிலிருந்தும் குடங்கள் வந்தன. மறுநாள் காலை இட்லிக் கடை திறந்தது. வாங்கிவந்த பிராசசரோடு எங்கள் திரையும் ஒளிர்ந்தது.

மின்சாரம் தடைபடாமல் பார்த்துக்கொள்க என்று கையேடு ஒரே வரியில் சொல்லிவிட்டது; அந்த வரியைக் காப்பாற்ற ஒரு சந்தே தன் தண்ணீரை விட்டுக்கொடுத்ததை, அந்தக் கணினியை இயக்கும் ஒவ்வொரு முறையும் நினைத்துக்கொள்கிறேன்.