சவுக்குத் தோப்பில் படுத்த குதிரை

கல்யாணத்துக்கு முன்பு என் கணவர் மலையில் வேலை பார்த்தார். சுற்றுலா வருகிறவர்களைக் குதிரையில் ஏற்றி, கயிற்றைப் பிடித்துக்கொண்டு கூடவே நடந்து பள்ளத்தாக்கைக் காட்டிக் கூட்டி வருவது அவர் தொழில். கல்யாணமான புதிதில் ஒரு தடவை என்னையும் அங்கே அழைத்துப் போனார். நான் சிதம்பரத்துப் பெண். கோயிலைச் சுற்றியிருக்கும் நான்கு வீதிகளுக்குள் நடந்தே வளர்ந்தவள். குதிரை மேல் உட்கார்ந்ததும் கண்ணை மூடிக்கொண்டேன். பாதி வழி அப்படியே போனேன். “தெறந்து பாரு, இதுக்கோசரம் எங்கெங்கேயோ இருந்து வராங்க” என்றார். திறந்தபோது கீழே ஒரே புல்லாக இருந்தது. ஓர் ஓடை, அதன் கரையில் மேய்ந்துகொண்டிருந்த குட்டிகள், அதற்கு மேல் பனி. எனக்கு அழுகை வந்தது, ஏனென்று தெரியவில்லை.

பிறகு மாமியாருக்கு உடம்பு முடியாமல் போனதால் அவர் சொந்த ஊரான மஞ்சக்குப்பத்துக்கே திரும்பி வந்துவிட்டோம். வரும்போது லாரியில் இரண்டு குதிரைகளையும் கொண்டுவந்தார். ஒன்று வயதான வெள்ளைக் குதிரை. இன்னொன்று செம்பட்டை நிறத்தில் ஒரு பெண் குதிரை, அந்தப் பள்ளத்தாக்கிலேயே பிறந்தது. அதற்கு நாங்கள் பெயர் வைக்கவில்லை. அவர் ‘பொண்ணு’ என்று கூப்பிடுவார், நானும் அப்படியே.

கடற்கரையில் பிள்ளைகளை ஏற்றி ஒரு சுற்று ஓட்டிவிட்டு இறக்கிவிடுவதில் அவருக்கு இஷ்டமில்லை. மலையில் செய்ததைப் போலவே இங்கும் செய்யவேண்டும் என்றார். விடிந்ததும் தேவனாம்பட்டினத்தில் கிளம்பி, படகுகள் ஏற்றி வைத்திருக்கும் மணல்மேட்டைத் தாண்டி, சுனாமிக்குப் பிறகு நட்ட சவுக்குத் தோப்புக்குள் நுழைந்து, பெண்ணையாறு கடலில் கலக்கும் இடம்வரை போய்த் திரும்புவது. நடராஜரைப் பார்க்கவும் பிச்சாவரத்தில் படகேறவும் வந்தவர்கள் லாட்ஜில் யாராவது சொல்லக் கேட்டு போன் செய்வார்கள். முதலில் போன் எடுப்பது மட்டும்தான் என் வேலை. போகப்போகக் கயிறு பிடிக்கவும் கற்றுக்கொண்டேன். பொண்ணு எனக்குத் தோதாக நடக்கும். என் தோளில் மூக்கை வைத்துத் தள்ளிக்கொண்டே வரும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவர் ஊரில் இல்லை. மங்கலம்பேட்டையில் அவர் அக்கா பேத்திக்குக் காதுகுத்து. தாய்மாமன் வெளிநாட்டில் இருப்பதால் இவர் மடியில்தான் குழந்தையை உட்காரவைப்பது என்று முடிவாகியிருந்தது. முந்தின நாளே போய்விட்டார். ஏற்கெனவே ஒப்புக்கொண்ட சவாரி ஒன்று இருந்தது. ஒரு அப்பாவும் மகளும். மகள் வெளிநாட்டில் படிக்கிறாள், சென்னைக்குப் போய் அன்றைக்குச் சாயங்காலமே விமானம் ஏறவேண்டும். “நீயே கூட்டிக்கினு போய்ட்டு வந்துடு. பெரியவர வெள்ளையில ஏத்து. அது தானா வரும்” என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

நன்றாகத்தான் கிளம்பினோம். அந்தப் பெண் பொண்ணின் மேல், அவள் அப்பா வெள்ளையின் மேல். கடல் அமைதியாக இருந்தது. அவள் பொண்ணின் கழுத்தைத் தடவிக்கொண்டே வந்தாள். “அக்கா, இதுக்கு என்ன புடிக்கும்?” என்று கேட்டாள். “கேரட்டு. அப்புறம் என் பொடவ முந்தாணி” என்றேன். சிரித்தாள்.

தோப்புக்குள் கொஞ்ச தூரம் போனதும் பொண்ணு நின்றுவிட்டது. கயிற்றை இழுத்தேன், வரவில்லை. தலையைத் திருப்பித் தன் வயிற்றைப் பார்த்தது. பிறகு முன்காலால் மணலைப் பறித்தது. ஈக்கடி என்றுதான் முதலில் நினைத்தேன். மறுபடியும் வயிற்றைத் திரும்பிப் பார்த்தது. விலாவில் வேர்வை பொடித்து நின்றது. அவ்வளவு வெயில் இன்னும் வரவில்லை.

“எறங்கிடும்மா” என்றேன். அவள் இறங்கிய மறுநிமிடமே பொண்ணு காலை மடக்கிப் படுத்தது. சேணத்தோடு ஒரு பக்கமாகப் புரளப் பார்த்தது.

என் கணவருக்குப் போன் போட்டேன். எடுக்கவில்லை. திரும்பத் திரும்பப் போட்டேன். கடைசியில் எடுத்தபோது மேளச் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை. “என்னா? கொஞ்சம் சத்தமா பேசு” என்றார். சொன்னதும் மேளச் சத்தம் குறைந்தது, வெளியே வந்துவிட்டார் போலிருக்கிறது.

“சாணி போட்டுதா?”

“காலையில கொஞ்சூண்டு.”

“படுக்க விடாத” என்றார். “பொரண்டுச்சுன்னா கொடலு முறுக்கிக்கும். எழுப்பி நடத்திக்கினே இரு. சேணத்த அவுத்துடு. நான் மடியில ஒக்கார வச்சுட்டு உடனே கெளம்பறேன். புள்ளைய இப்பதான் குளிப்பாட்டிக்கினு இருக்காங்க.”

நானும் அந்தப் பெண்ணுமாகச் சேர்ந்து அதை எழுப்பினோம். அவள் அப்பா வெள்ளையின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு ஒரு சவுக்கு மரத்தோரம் நின்றார். பொண்ணை நடத்த ஆரம்பித்தேன். தோப்பின் ஓரமாகப் போவது, திரும்புவது, மறுபடி போவது. நின்றால் கால் மடங்கும். அதனால் நிற்க விடவில்லை. நடந்துகொண்டே மாட்டு டாக்டருக்குப் போன் செய்தேன். எங்கள் பக்கத்தில் ஆடு மாடுகளுக்கும் வீட்டு நாய்களுக்கும் வைத்தியம் பார்ப்பவர். ஞாயிற்றுக்கிழமை என்றாலும் வருகிறேன் என்றார்.

டாக்டர் பைக்கில் வந்து சேர்வதற்குள் கடற்கரைக்கு ஆட்கள் வர ஆரம்பித்துவிட்டார்கள். தோளில் குழந்தையோடு ஒருவர் நேராக என்னிடம் வந்தார்.

“ஏம்மா, ஒரு ரவுண்டு போலாமா? பாப்பா கேட்டுக்கினே இருக்கா.”

“இல்லண்ணா. ஒடம்பு சரியில்ல அதுக்கு.”

“நடக்குதே நல்லாத்தான?”

நான் அதை நடத்திக்கொண்டே போனேன். “அப்ப அந்த வெள்ளையில ஏத்தறீங்களா?” என்று பின்னாலேயே வந்தார். அந்தப் பெண்தான் அவரிடம் போய் ஏதோ சொல்லி அனுப்பினாள். அவரைப் போல இன்னும் சிலர் வந்தார்கள். ஒருவர் செல்பி எடுத்துக்கொண்டார். அவர்கள் மேல் கோபப்படக்கூட எனக்குத் தெம்பில்லை. அவர்களுக்குத் தெரிந்தது ஒரு கடற்கரையும் ஒரு குதிரையும் அதை நடத்திக்கொண்டிருக்கும் ஒரு பொம்பளையும்தான்.

டாக்டர் வந்ததும் வயிற்றின் இரண்டு பக்கமும் ஸ்டெதஸ்கோப்பை வைத்துக் கேட்டார். ரொம்ப நேரம் கேட்டார். “சத்தமே இல்லம்மா. கொடல் ஓடற சத்தம் கேக்கணும்” என்றார். உதட்டைத் தூக்கி ஈறைப் பார்த்தார். அது வெளுத்துப்போயிருந்தது. “மாடுன்னா கண்ண மூடிக்கினு பாத்துடுவேன். குதிரை ஜாஸ்தி பாத்ததில்ல. ஒங்ககிட்ட அத மறைக்கக் கூடாது” என்றார். அப்படிச் சொன்னது எனக்கு ஆறுதலாகவும் இருந்தது, பயமாகவும் இருந்தது.

வலிக்கு ஊசி போட்டார். காலையில் வரும் வழியில் பொண்ணு போட்ட சாணி எங்கே என்று கேட்டார். அந்தப் பெண் ஓடிப்போய் ஒரு உருண்டையைக் காகிதத்தில் எடுத்து வந்தாள். டாக்டர் அதைத் தண்ணீர் பாட்டிலுக்குள் போட்டுக் குலுக்கி, வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். நார் மேலே மிதந்தது. அடியில் மணல் படிந்தது. கடற்கரை மணல்தான், பொடிப்பொடியாக, மினுங்கிக்கொண்டு.

“மேயறப்ப வேரோட புடுங்கித் தின்னுதுல்ல, அதுலயே கொஞ்சம் கொஞ்சமா உள்ள போய் சேந்துருக்கு. ஒருநாள்ல வந்ததில்ல இது.”

கொள்ளும் தவிடும் தொட்டியில்தான் வைப்போம். புல்லைக்கூடத் தரையில் போடாமல் கூடையில்தான் வைப்போம். ஆனால் இரண்டு சவாரிக்கு நடுவே அவிழ்த்து விட்டால் மணல்மேட்டு ஓரத்தில் முளைத்திருக்கும் அருகம்புல்லைத் தேடிப் போய்விடும். புல்லிலேயே பிறந்த பிராணி. அதன் வாயை எத்தனை நேரம் கட்டிவைக்க முடியும்?

மூக்கு வழியாகக் குழாய் விட்டு வயிற்றுக்கு எண்ணெய் செலுத்தவேண்டுமாம். குதிரைக்கு வாந்தி எடுக்க வராது, அதனால் உள்ளே போனது கீழ் வழியாகத்தான் போகவேண்டும் என்றார். சென்னையில் இருக்கும் தன் சிநேகிதருக்கு வீடியோ கால் போட்டு, போனை அந்தப் பெண்ணிடம் பிடிக்கக் கொடுத்தார். “கொழாய் நுரையீரலுக்குப் போய்டப் போவுது, அதுல ஊதிப் பாரு” என்று அந்தப் பக்கத்திலிருந்து குரல் வந்தது. டாக்டர் குழாயில் வாயை வைத்து ஊதிப் பார்த்தார். நான் பொண்ணின் தலையை மார்போடு அணைத்துப் பிடித்திருந்தேன். மூக்கிலிருந்து ரத்தம் வழிந்து என் புடவையில் சொட்டியது. எப்படியோ எண்ணெய் உள்ளே போயிற்று.

கொஞ்ச நேரம் அது சாந்தமாக நின்றது. காதை அசைத்தது. அந்தப் பெண் முகம் மலர்ந்து, “அக்கா, பாருங்க பாருங்க” என்றாள். எனக்கும் தேறிவிடும் என்றுதான் தோன்றியது. அவள் அப்பா கடிகாரத்தைப் பார்த்தார். “போவணும்மா” என்றார் தயங்கித் தயங்கி. அவள் பொண்ணின் நெற்றியில் முகத்தை வைத்துவிட்டு என் போன் நம்பரைச் சரிபார்த்துக்கொண்டு போனாள். வெள்ளையின் கயிற்றை ஒரு மரத்தில் கட்டிவிட்டுப் போனார்கள்.

அவர்கள் போன பிறகு வலி மறுபடி வந்தது. இந்த முறை ஊசிக்கும் கேட்கவில்லை. உடம்பெல்லாம் நனைந்து நுரை கட்டியது. வயிறு உப்பிவிட்டது. ஆபரேஷன் என்றால் சென்னைக்குத்தான் கொண்டுபோகவேண்டும் என்றார் டாக்டர். தெரிந்தவர் ஒருவருடைய மினி லாரியை வரச்சொன்னேன். அது தார் ரோடு முடிகிற இடம்வரைதான் வந்தது, அதற்கு மேல் மணலில் டயர் இறங்கிவிடும். தோப்பிலிருந்து அந்த இடம் கூப்பிடு தூரம்தான். பொண்ணு அந்தப் பக்கமாக நாலைந்து எட்டு வைத்தது. நின்றது. என்னைப் பார்த்தது. பிறகு படுத்துவிட்டது.

கயிற்றை இழுத்தேன். தள்ளினேன். அடித்தேன்கூட. லாரிக்காரர் பின்னாலிருந்து தூக்கிப் பார்த்தார். “அடிக்காதீங்கம்மா. அதால முடியல” என்றார் டாக்டர். அப்புறம் நான் மணலில் உட்கார்ந்துவிட்டேன்.

என் கணவர் வந்தபோது வெயில் உச்சிக்கு ஏறியிருந்தது. பட்டுக்கரை வேட்டி, நெற்றியில் சந்தனம், சட்டைப் பையில் யாரோ செருகிய வெற்றிலை. விருத்தாசலம் போய் அங்கிருந்து பஸ்ஸில் நின்றுகொண்டே வந்திருக்கிறார். செருப்பை எங்கே விட்டாரோ தெரியவில்லை. பொண்ணின் தலைமாட்டில் மண்டியிட்டு, “பொண்ணு, இந்தா, நான்தான்” என்றார். அதன் காது அவர் பக்கம் திரும்பியது. அவ்வளவுதான் அதால் முடிந்தது.

டாக்டர் அவரைத் தனியே கூப்பிடவில்லை. எங்கள் இரண்டு பேருக்கும் கேட்கும்படியே சொன்னார். “இனிமே பொழைக்காது. வலியோட கெடக்கும். சொன்னீங்கன்னா ஊசி போட்டுத் தூங்க வச்சிடலாம். நீங்கதான் சொல்லணும்.”

என் கணவர் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். மலையில் இத்தனை வருஷம் குதிரையோடு இருந்தவர், அவருக்குத் தெரியும் என்று நான் நினைத்தேன். காலையிலிருந்து கூட இருந்தவள் இவள், இவளே சொல்லட்டும் என்று அவர் நினைத்திருப்பார். சரி என்ற ஒரு சொல் இரண்டு பேருக்குமே வாயில் வரவில்லை. டாக்டர் ஊசியை எடுத்து வைத்துக்கொண்டு காத்திருந்தார். நாங்கள் பதில் சொல்வதற்குள் பொண்ணு காலை ஒரு தடவை நீட்டிவிட்டு அடங்கிப்போனது.

புதைப்பதற்கு மீன்பிடிக்கிற அண்ணன்மார்தான் உதவிக்கு வந்தார்கள். படகைக் கரையேற்றும் டிராக்டரைக் கொண்டுவந்தார்கள். பழைய வலையை அடியில் விரித்து அதன் மேல் ஏற்றி, தோப்புக்குப் பின்னால் இருந்த தரிசுக்கு மெதுவாக இழுத்துப் போனார்கள். டிராக்டர் ஓட்டியவர், “வேகமா போனா அதுக்கு ஒடம்பு ஒரசும்மா” என்று சொல்லி உருட்டிக்கொண்டே போனார். செத்ததற்குப் பிறகும் அப்படி ஒருவர் நினைத்தாரே என்று எனக்குத் தாங்கவில்லை. அதுவரை அழாதவள் அப்போது அழுதேன். வெள்ளைக் குதிரையை என் கணவர் வேறு வழியாக வீட்டுக்கு ஓட்டிப் போய்விட்டார்.

விளக்கு வைக்கிற நேரத்தில் அந்தப் பெண் போன் செய்தாள். பின்னால் விமான நிலையத்து அறிவிப்புகள் கேட்டன.

“அக்கா, எப்டி இருக்கு?”

சொன்னேன்.

“நான் மேல ஏறுனதாலயா?” என்றாள்.

“இல்லம்மா. மணல்னு டாக்டர் சொன்னாரே, நீதான கூட இருந்த. எத்தன நாளா சேந்ததோ.”

“நான் இன்னைக்கு ஏறாம இருந்திருந்தா?”

“ஒண்ணும் மாறியிருக்காது.”

“ஒங்களுக்குத் தெரியாதுல்லக்கா.”

எனக்குத் தெரியாதுதான். தெரியும் என்று சொன்னாலும் அவள் நம்பப்போவதில்லை. உள்ளே போக நேரமாகிவிட்டது என்று அவள் அப்பா சொல்வது கேட்டது. நல்லபடியாகப் போய்ச் சேர், போனதும் பேசு என்றேன். சரிக்கா என்றாள். இன்றுவரை பேசவில்லை. நானும் ஒன்றிரண்டு தடவை அவள் நம்பரை எடுத்துப் பார்த்துவிட்டு, என்ன சொல்வது என்று தெரியாமல் வைத்துவிட்டேன்.